சமதரைக் காலோட மலைச் சைக்கிள் ரேஸ்: உடம்பு எதுக்குத் தயாராகணும்?

கல்லடிக்காத்து:
பத்துக் கிழமையில மலைநாட்டுப் பக்கம் ஒரு மவுண்டன் பைக் கிராஸ் கண்ட்ரி ரேஸ். ஒரு சுற்று 5 கிலோமீட்டர், சுற்றுக்கு 180 மீட்டர் ஏத்தம், மொத்தம் 5 சுற்று. இடம் கடல் மட்டத்தில இருந்து 1,800 மீட்டருக்கு மேல. வயசு 24, நிறை 66 கிலோ. சைக்கிள் 29 அங்குல ஹார்ட்டெயில் (முன்னுக்கு மட்டும் அதிர்வுதாங்கி), 13.5 கிலோ, முன்னுக்கு 32 பல்லு, பின்னுக்கு 11–42. கல்லடியில இருந்து கல்முனை போய்த் திரும்புற தூரம் தார் ரோட்டில மணிக்கு 27-ல ஓட ஏலும், களைப்பு பெரிசா இல்ல. ரேஸ் வெறும் 25 கிலோமீட்டர்தானே. அப்ப இதில உடம்புக்கு எது புதுசு? மட்டக்களப்பில மலை இல்லாம எப்படிப் பழகுறது? கரடுமுரடான இடத்தில பத்து நிமிசம் இறங்கினா முன்னங்கை கல்லுமாதிரி இறுகி, பிறேக் பிடிக்க விரல் வருதில்ல. அதுக்கும் ஒரு வழி சொல்லுங்க.

உகணை29:
தம்பி, 25 கிலோமீட்டர் என்ற கணக்கை முதல்ல விடுங்க. இந்தச் சுற்றுக்கு 18–22 நிமிசம் போகும். அஞ்சு சுற்றுக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல. ஒலிம்பிக்கிலயும் கிட்டத்தட்ட இதே அளவுதான். 2024 பாரிஸில டொம் பிட்கொக் தங்கம் எடுத்த ஓட்டம் 86 நிமிசம். அளந்து பார்த்த ஆய்வுகளில போட்டி முழுக்கச் சராசரி இதயத்துடிப்பு உச்சத் துடிப்பின் 90 வீதத்தை ஒட்டி நிக்குது. உங்கட உச்சம் 195 எண்டா ஒன்றரை மணித்தியாலம் 175. கல்முனை ஓட்டத்தில அந்த எண் மீற்றரில வந்திருக்காது.

தார் ரோட்டில 27-ல போகேக்க உங்கட கால் 160 வாட் அளவு குடுக்கும், அது நேர்கோடு. ரேஸில அந்தக் கோடு வாள்பல்லு. நீங்களும் சைக்கிளும் தண்ணியும் சேர்த்து 82 கிலோ. 15 வீதச் சரிவில மணிக்கு 7-ல ஏறவே 275 வாட் வேணும். மேல வந்து கிறுகினா அடுத்த இருபது செக்கன் பூச்சியம். மறுகா ஒரு வேர்க்கட்டு, எட்டுச் செக்கன் 500 வாட். இப்படிச் சுற்றுக்கு முப்பது நாப்பது தரம். ஆக, எவ்வளவு தூரம் தாங்குவீங்க எண்டது அங்க சின்னக் கேள்வி. எல்லையைத் தாண்டிப் போய்ட்டு எவ்வளவு கெதியா திரும்பி வாறீங்க, அதை எத்தனை தரம் செய்வீங்க எண்டதுதான் பெரிய கேள்வி.

இறக்கத்தில ஆறலாம் எண்டு நினைக்கிறது ரோட்டுக்காரரின் வழமையான பிழை. பெடல் சுத்தாது, ஆனா துடிப்பு பெரிசா இறங்காது. தொடை அரைக் குந்தலில நிக்குது, முதுகு, தோள், பிடி எல்லாம் அசையாம இறுகிக் கிடக்குது. இறுகின தசைக்குள்ள இரத்தம் ஒழுங்கா ஓடாது. நீங்க சொன்ன முன்னங்கை இறுக்கமும் அதுதான்.

மூண்டாவது, தொடக்கம். ஒத்தையடிப் பாதைக்குள்ள முதல்ல நுழையிறதுக்காக எல்லாரும் 60–90 செக்கன் கண்ணை மூடிக்கொண்டு மிதிப்பாங்க. பின்தங்கினா, முன்னுக்கு ஒருத்தன் ஏத்தத்தில கால் ஊன்ற நீங்களும் இறங்கி நடக்கணும். அந்தத் தொண்ணூறு செக்கனுக்குப் பிறகு ஓய்வு இல்லாம நேரே ஏத்தம். இதைப் பழகாத ஆள் இரண்டாம் சுற்றில பொறிஞ்சிடுவார். காரணம் முதல் நாலு நிமிசத்தில இருக்கும்.

மலை இல்லாததுக்கு எங்கட பக்கம் மூண்டு பதிலி இருக்கு.

கச்சான். வருசத்தின் நடுப்பகுதியில மேற்கால அடிக்கிற அந்தச் சூட்டுக் காத்துக்கு முகம் குடுத்து ஓடுங்க. மணிக்கு 25 கிலோமீட்டர் காத்துக்கு எதிரே 20-ல போக 280–290 வாட் அளவு கேட்கும். அதாவது மேல சொன்ன 15 வீத ஏத்தத்தின் கூலி. வவுணதீவு தாண்டிப் படுவான்கரை வயல்வெளியில மறைப்பே கிடையாது, வாய்ப்பான இடம். கனத்த கியர் போட்டு, நிமிசத்துக்கு 55–60 சுற்று, இருந்தபடியே 6 நிமிசம், அப்படி 4 தரம், இடையில 4 நிமிசம் இலேசாக.

ஆனா காத்து முழு மலை இல்ல. காத்தில வேகம் இருக்கும், அதனால ஒரு மிதி பலவீனமா விழுந்தாலும் சைக்கிள் தன்பாட்டில உருளும். செங்குத்து ஏத்தத்தில அந்த உருட்டு இல்ல. பெடல் மேலயும் கீழயும் வாற செத்த இடத்தில சைக்கிள் நின்றே போகும். அந்த உணர்வைத் தாறது மணல். பின்சில்லு அரை அங்குலம் புதையிற வண்டில் பாதையில, இலேசான கியரில, இருக்கையின் முனைக்கு முன்னேறி, வட்டமா மிதிச்சு 2 நிமிசம், 8 தரம். எழும்பி மிதிச்சா பின்சில்லு வழுக்கிறது அங்கயே தெரியும், மலையில ஈரமண்ணிலயும் அதே வழுக்கல்தான். கடற்கரை மணல் வேண்டாம். உப்பு பெயாரிங்கையும் செயினையும் தின்னும்.

குளக்கட்டு மூண்டாவது. உன்னிச்சைப் பக்கமோ வேற எங்கயோ, வாகனம் ஏறுறதுக்கு எண்டு போட்ட சரிவில மட்டும் ஏறுங்க. புல்லுச் சாய்வில ஏறினா ரயர்த் தடம் மழைக்கு வாய்க்காலாகி கட்டை அறுக்கும். ஏறுறது 10–15 செக்கன்தான், அது காணும்: முழுப் பலத்தோட ஏறி, மேல கிறுகி, நிண்டபடி இறங்கி, உடனே திரும்ப. பத்துத் தரம் ஒரு தொகுதி, மூண்டு தொகுதி.

ஏ4 ரோட்டுக்காரன்:
இவ்வளவு சிக்கல் தேவையா? நாளுக்கு 100 கிலோமீட்டர் இரண்டு மாசம் ஓடட்டும். அடித்தளம் இருந்தா மற்றது தானா வரும்.

உகணை29:
அண்ணே, அடித்தளம் அவருக்கு ஏற்கெனவே இருக்கு. நாளுக்கு நூறு ஓடினா கால் ஒருநாளும் புதுசா இராது. புதுசா இல்லாத காலால 500 வாட் வராது, வராததைப் பழகவும் ஏலாது. கிழமைக்கு ஒரு நீட்டு ஓட்டம், 3 மணித்தியாலம், பேசிக்கொண்டு போகக்கூடிய வேகம், அது போதும். கடினமான நாள் கிழமைக்கு இரண்டு, உச்சம் மூண்டு.

இந்த ரேஸுக்கு ஒரே ஒரு பயிற்சிதான் செய்ய நேரம் எண்டா நான் சொல்லுறது இது: 30 செக்கன் கடுமை, 15 செக்கன் இலேசு, இடைவிடாம 13 தரம், ஒரு தொகுதி பத்து நிமிசத்துக்குக் கொஞ்சம் குறைய. மூண்டு நிமிசம் ஆறி மறுகா, மொத்தம் மூண்டு தொகுதி. கடுமை எண்டது முழுப் பாய்ச்சல் இல்ல. மூண்டாம் தொகுதியின் கடைசி முப்பதும் முதல் முப்பதின் வேகத்தில வந்தா அளவு சரி. முதல் தொகுதியிலயே கண் இருட்டினா அளவு பிழை.

ரயர்க்கடை:
உடம்பைப் பற்றி உகணைத் தம்பி சொல்லிட்டார். சைக்கிள் அந்த உடம்புக்கு என்ன செய்யுதெண்டு நான் சொல்றன்.

32-க்கு 42 எண்டா ஒரு மிதிச்சுற்றுக்கு 1.75 மீட்டர். 15 வீத ஏத்தத்தில 215 வாட் குடுத்தா வேகம் மணிக்கு 5.5தான் வரும். அப்ப கால் நிமிசத்துக்கு 52 சுற்று. ஒண்டு ரெண்டு நிமிசம் பரவாயில்ல. அஞ்சாம் சுற்றில முழங்காலின் முன்பக்கமும் நாரியும் பதில் சொல்லும். முன்னுக்கு 30 போட்டா 56. பின்னுக்கு 51 போட்டு முன்னுக்கும் 30 எண்டா 68, அது மனிசன் மிதிக்கிற எண். ஆனா 51-க்கு 12 வேக டிறெயிலர் (பின்னுக்குச் செயினை மாத்துற கை), சிஃப்டர் (கியர் லீவர்), கசெட் (பின் பல்லுக் கூட்டம்), சில நேரம் பின் ஹப்பின் உடலும் மாத்தவேணும், செலவு கூட. முன் பல்லுச் சக்கரம் மட்டும் மாத்துறது மலிவு. ஒண்டு கவனம்: உங்கட கிராங்கில (பெடல் பூட்டுற கை) போல்ட் வட்டம், அதாவது போல்ட்டுகள் நிக்கிற வட்டத்தின் விட்டம், 104 மில்லிமீட்டர் எண்டா 30-க்குக் கீழ போகாது. வாங்க முதல் எதிரெதிர் அளக்க ஏலாத நாலு போல்ட் கிராங்கில, பக்கத்துப் பக்கத்து போல்ட்டின் நடுவுக்கு நடு அளந்து பாருங்க, 73.5 மில்லிமீட்டர் வந்தா அது 104.

கை இறுகுறதுக்குப் பாதிக் காரணம் பிறேக் லீவர் இருக்கிற இடம். அநேகமான சைக்கிளில கடையில பூட்டினபடியே உள்ளுக்கும் இல்லாம வெளிக்கும் இல்லாம நிக்கும், மூண்டு விரலால பிடிக்கிற மாதிரி. லீவரை ஹாண்டில் நடுப்பக்கம் தள்ளுங்க, சுட்டுவிரல் லீவரின் நுனி வளைவில விழும்வரை. நுனியில பிடிச்சா நெம்பு கூட, ஒரு விரல் காணும், மற்ற நாலும் பிடிக்கு. லீவர் எட்டத்தில இருந்தா அதில ஒரு சின்ன அலன் திருகு இருக்கு, கிட்டக் கொண்டு வாங்க. விரலின் முதல் மூட்டு லீவரில விழணும். சரிவு: நிண்டபடி இறங்குற நிலையில முழங்கையும் மணிக்கட்டும் விரலும் நேர்கோடு. மணிக்கட்டு மேலே மடிஞ்சா பத்து நிமிசம் தாங்காது.

காத்து. 2.25 ரயர், உள்ளுக்கு ரியூப், 66 கிலோ ஆள்: முன்னுக்கு 25, பின்னுக்கு 27 பிஎஸ்ஐயில தொடங்குங்க. தார் ரோட்டுக்கு 45 அடிச்சுப் பழகின ஆட்களுக்கு இது பஞ்சர் மாதிரித் தெரியும். 45-ல ஒவ்வொரு கல்லும் கையில வந்து விழுது, சில்லு துள்ளி பிடிப்பும் போகுது. குறைச்சா பயம் பாம்புக்கடி: ரியூப் கல்லுக்கும் றிம்முக்கும் நடுவுல நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில இரண்டு ஓட்டை. அப்படி வந்தா 2 பிஎஸ்ஐ கூட்டுங்க. ரியூப்லெஸ் ஆக்கினா முன்னுக்கு 20, பின்னுக்கு 22 வரை போகலாம். சில்லுக்கு 90 மில்லிலீட்டர் அளவு ஓட்டை அடைக்கிற ரயர்ப் பால் ஊத்தணும். எங்கட வெக்கையில அது கெதியாக் காயும், இரண்டு மாசத்துக்கு ஒருதரம் திறந்து பாருங்க. ஆட்டிப் பார்த்து சளசளப்புக் கேக்கல்ல எண்டா காய்ஞ்சிட்டு.

கல்லடிக்காத்து:
நன்றி அண்ணே. 30 பல்லு தேடுறன். லீவரை மாத்திப் பார்த்தன், ஒரு விரல் காணும்தான், ஆனா இப்ப சுண்டுவிரலும் மோதிரவிரலும் விறைக்குது. மற்றது, தண்ணி எவ்வளவு, எதைக் கலந்து? இங்க பத்து மணிக்குப் பிறகு ஓடினா சேட் உப்புப் பூக்குது.

உப்புத்தண்ணி:
சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் விறைத்தால் உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க அடியில் ஓடும் நரம்பு நசுங்குகிறது என்று பொருள். பாரம் கைக்கு வருகிறது. முதலில் இருக்கையின் முனை கீழே சாய்ந்திருக்கிறதா பாருங்கள். சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழிந்து கையில் விழும். மட்டமாக வையுங்கள். பிறகு உயரம்: குதிக்காலைப் பெடலில் வைத்து அது கீழே இருக்கும்போது கால் நேராக வர வேண்டும், இடுப்பு ஆடக்கூடாது. இறங்கும்போது முழங்கையை வெளியே மடித்து, இடுப்பைப் பின்னுக்கு மடக்கி, பாரத்தைக் காலில் இறக்குங்கள். சரியாக நின்றால் ஒரு கணம் இரண்டு கையையும் திறந்தாலும் முன்னே விழமாட்டீர்கள். ஓடும்போது திறந்து பார்க்க வேண்டாம், வீட்டில் சுவரோடு சைக்கிளைச் சாய்த்து வைத்துப் பாருங்கள். விறைப்பு ஓட்டம் முடிந்து அடுத்த நாளும் இருந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

பிடிக்கும் முதுகுக்கும் ஜிம் தேவையில்லை. கிழமைக்கு இரண்டு நாள்: கம்பியில் தொங்குதல் 40 செக்கன், 3 தரம். இரண்டு கையிலும் 20 லீட்டர் தண்ணிக் கான் தூக்கி 40 மீட்டர் நடத்தல், 4 தரம். தண்டால் 12, 3 தரம். ஒற்றைக் காலில் நின்று இடுப்பை மடக்கிக் குனிந்து நிமிர்தல், காலுக்கு 8, 3 தரம். ரேஸுக்குப் பத்து நாள் முன்பு நிறுத்திவிடுங்கள்.

தண்ணீருக்கு ஊகம் வேண்டாம், நிறுத்துப் பாருங்கள். சலம் கழித்து, உடுப்பு குறைத்து நிறுங்கள். ஒரு மணித்தியாலம் ரேஸ் வேகத்தில் ஓடி, துடைத்து, மறுபடி நிறுங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லீட்டர் வியர்வை. இடையில் குடித்ததையும் கூட்டுங்கள். 66.0-ல் தொடங்கி, அரை லீட்டர் குடித்து, 65.1-ல் முடித்தால் வியர்வை 1.4 லீட்டர். அத்தனையும் ஓடும்போதே திருப்பி ஊற்ற முடியாது, குடல் ஏற்காது. மணித்தியாலத்துக்கு 500–750 மில்லிலீட்டர், நிறை இழப்பு 2 வீதத்துக்குள் நின்றால் சரி. பச்சைத் தண்ணீரை அளவுக்கு மிஞ்சிக் குடிப்பதும் ஆபத்து, இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலையிடி, வாந்தி, குழப்பம் வரும்.

ஒரு 750 மில்லி போத்தலுக்கு: சீனி 45 கிராம், அதாவது மட்டமாக மூன்றரை மேசைக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைய, அரைத் தேசிக்காய். இது 6 வீதக் கரைசல். சீனியைக் கூட்டினால் வயிறு கனத்து ஓங்காளிக்கும். செவ்விளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம்தான் கூட, சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்புப் போடாமல் வியர்வைக்கு ஈடாகாது. ஜீவனி உப்புக்கரைசல் வயிற்றோட்டத்துக்குச் செய்தது. உப்பு காணும், சீனி காணாது. ஒன்றரை மணித்தியால ஓட்டத்துக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

கச்சான் நாளில் இதயத்துடிப்பு மீற்றரை வேதவாக்காக எடுக்காதீர்கள். தோலைக் குளிர்விக்க இரத்தம் வெளியே போவதால், அதே வலுவுக்குத் துடிப்பு ஒரு மணித்தியாலத்தில் பத்துப் பதினைந்து ஏறும். அந்த எண்ணைக் குறைக்க வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனால் பயிற்சி வீண். கவனிக்காமல் அடித்தால் உடம்பு வீண். கடுமையான பயிற்சியைக் காலை ஒன்பதுக்குள் முடியுங்கள். கூட ஓடுபவர் தடுமாறினால், கேட்டதற்குப் பொருந்தாத பதில் சொன்னால், வியர்க்கிறாரா என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். நிழல், உடுப்பைக் கழற்றி உடம்பு முழுக்கத் தண்ணீர், விசிறல், 1990 அம்புலன்ஸ். ஏற்றிப் போவதற்கு முன்பே குளிர்விக்கத் தொடங்க வேண்டும்.

பட்டிருப்பு ரீச்சர்:
இதில் 15 வயதுப் பிள்ளைகளுக்கு எதை வெட்ட வேண்டும்? இரண்டு பேர் இதே ரேஸின் கனிஷ்ட பிரிவில் ஓடுகிறார்கள்.

உகணை29:
ரீச்சர், 30/15 ஒரு தொகுதி மட்டும், கிழமைக்கு ஒருநாள். கனத்த கியர் பயிற்சி வேண்டவே வேண்டாம், முழங்காலுக்குக் கீழ எலும்பு வளருற இடத்தில நோ வரும். கான் தூக்குறதுக்குப் பதிலா தண்டாலும் தொங்குறதும். மிச்ச நேரம் முழுக்கத் திறமைக்குக் குடுங்க: சைக்கிள் உருளாம, கால் ஊன்றாம நிக்கிறது, எட்டுப் போடுறது, படி இறங்குறது, முன்பிறேக்கை மட்டும் பாவிச்சுக் கோட்டில நிப்பாட்டுறது. அந்த வயசில செலவழிக்கிற நிமிசத்துக்குக் கூடப் பலன் தாறது அதுதான். நிறை குறைக்கச் சொல்ல வேண்டாம். வளர்ந்த ஆளுக்கே ஒரு கிலோ குறைஞ்சா இந்த ஏத்தத்தில சுற்றுக்கு எட்டு, ஒன்பது செக்கன்தான்.

கல்லடிக்காத்து:
இப்படி எழுதிக்கொண்டன், பிழை இருந்தா சொல்லுங்க. செவ்வாய் 30/15. வியாழன் ஒரு கிழமை காத்து, மறு கிழமை மணல். சனி குளக்கட்டு. ஞாயிறு 3 மணித்தியாலம். மற்ற நாள் ஓய்வு அல்லது 40 நிமிசம் இலேசு. ஒவ்வொரு நாலாம் கிழமையும் பாதி. கடைசிக் கிழமை முழு ஓய்வு. மலைக்கு எப்ப போறது?

உகணை29:
மூண்டு திருத்தம். கடைசிக் கிழமை முழு ஓய்வு எடுத்தா கால் மந்தமாயிடும். நேரத்தைப் பாதியாக்குங்க, வேகத்தை விடாதீங்க: செவ்வாய் ஒரு தொகுதி 30/15, வெள்ளி ஒரு நிமிசப் பாய்ச்சல் மூண்டு, அவ்வளவுதான். அடுத்தது, அஞ்சாம் கிழமையில இருந்து சனிக்கிழமைக் குளக்கட்டில ஒரு தொகுதியை எடுத்துட்டு தொடக்கத்தைப் போடுங்க: 75 செக்கன் முழுப் பாய்ச்சல், நிக்காம நேரே 8 நிமிசம் மூச்சு முட்டுற வேகம், பத்து நிமிசம் ஆறி மறுகா ஒருதரம். மூண்டாவது, இரண்டு தரமாவது உண்மையான இறக்கம் வேணும், காத்திலயும் மணலிலயும் அது கிடைக்காது. மகியங்கனை தாண்டி ஹசலக்கவில இருந்து ஏறுற பதினெட்டு வளைவு வீதி நீட்டு ஏத்தத்துக்கு நல்லது. அது தார், வாகனம் கூட, விடிய வெள்ளன ஏறணும். கரட்டு இறக்கத்துக்கு கிரான் பக்கம் குடும்பிமலை ரோட்டுக் கரைகள்.

மலைக்கு இரண்டு நாள் முந்திப் போங்க. சமதரைக்காரர் 1,800 மீட்டரில ஒட்சிசன் எடுக்கிற உச்சம் பத்தில ஒரு பங்கு அளவு குறையும், அது இரண்டு நாளில சரிவராது. ஆனா பாதையைப் பார்க்காம ஓடுற நட்டம் அதைவிடக் கூட. முதல் நாள் பாதையை நடந்து பாருங்க, இரண்டாம் நாள் ஓடுங்க. தொடக்கப் பாய்ச்சலை வீட்டில பழகினதில இருந்து ஒரு சொட்டுக் குறைச்சு வையுங்க. காலைக் குளிரில சூடேத்த இங்க பத்து நிமிசம் எண்டா அங்க இருபத்தைந்து.

ஏ4 ரோட்டுக்காரன்:
சரி, 30/15 இன்றைக்குச் செய்தேன். இரண்டாம் தொகுதியில நிப்பாட்டிட்டன். வேற ஒண்டும் சொல்லல்ல.

ரயர்க்கடை:
தம்பி, படுவான்கரைப் பக்கம் தனியப் போறதெண்டா ஆறரைக்கு முதல் போகவேண்டாம், பின்நேரம் அஞ்சரைக்குள்ள பாலத்துக்கு இங்கால வாங்க, யானை. மணலில ஓடின அண்டைக்கே செயினைத் துணியால துடைச்சு, காய்ஞ்ச பிறகு ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய், அஞ்சு நிமிசம் கழிச்சு மேல இருக்கிறதைத் துடைச்சு விடுங்க. 104-க்கு 30 பல்லு ஒண்டு கிடக்கு. வாறதெண்டா கிராங்கையும் கழட்டாம அப்படியே கொண்டு வாங்க.